எகிப்து முறைப்படி முள்ளிக்கரை

இந்தக் கதையைப் பதினான்கு வருடமாக நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை முள்ளிக்கரைக்குப் பஸ் ஏறிப் போய், தையல்காரர் மிக்கேல் அண்ணாச்சியின் கடைப் பலகையில் உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டு, போன தடவை சொன்னதிலிருந்து எங்காவது ஓர் அங்குலமாவது நழுவுகிறாரா என்று காத்திருந்து, அவர் நழுவாமல் சொல்லி முடித்ததும் அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிடுவேன். அவர் சொல்வதை நம்பாமல் இருக்க எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஏன் வேண்டியிருந்தது என்று மட்டும் என்னை நானே கேட்டுக்கொண்டதில்லை. இப்போது எனக்கு ஐம்பத்தாறு வயது. நடந்ததில் கடைசி அரை நாளுக்கு நானும் சாட்சி. ஆனால் அது உப்பளத்து உச்சி வெயிலில், கையில் இரண்டு அலுவலகக் காகிதங்களோடு நின்ற ஒருவனுடைய சாட்சி. அதனால் என் கண்ணைப் பின்னால் வைத்துவிட்டு அண்ணாச்சியின் அளவு நோட்டை முன்னால் வைக்கிறேன்.

முள்ளிக்கரை மூன்று பக்கம் உப்புப் பாத்தியும் ஒரு பக்கம் முள் உடைமரக்காடும் உள்ள சிறிய ஊர். உடைமரங்களுக்கு அப்பால் கடல் இருப்பதைக் காற்றை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பாத்திகள் எல்லாம் திரவியம் முதலாளிக்குச் சொந்தம். ஊர்ப் பெண்கள் விடியும்போது பாத்தியில் இறங்கி, பலகையால் உப்பை இழுத்துக் கூட்டி, பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து கரையில் கொட்டி, அந்த வெள்ளை வெளிச்சத்தில் கண் கூசிக் கூசி நாற்பது வயதுக்குள் பார்வை மங்கி, மதியம் ஒரு நாழிகை ஒதுங்க நிழலுக்கு ஒரு கொட்டகை வேண்டும் என்று ஒன்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளி ஆறடி உயரம். மாதத்தில் ஒரு நாள் காரில் வருவார், கதவைத் திறந்து ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றி, "பார்ப்போம்" என்பார். பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் அவர் கட்டிக் கொடுத்தது; அதன் வாசலில் அவர் பெயர் பொறித்த கல் இருந்தது.

அந்தப் பள்ளிக்கு வாரத்தில் மூன்று காலை மட்டும் வந்துபோகிற பகுதிநேர ஓவிய ஆசிரியை ஹெப்சிபா. அவள் வருவதற்கு முன்னால் அங்கே ஓவியம் என்றால் தாமரை, மயில், தேசியக்கொடி. இவை மூன்றும் வரையத் தெரிந்த பிள்ளைக்கு நூற்றுக்குத் தொண்ணூறு. அவள் வந்து, ஒரு பருவத்துக்கு ஒரு பழைய தேசம் என்று வகுத்துக்கொண்டாள். முதல் பருவம் சுமேரியா. பிள்ளைகள் பாத்தி வரப்பிலிருந்து களிமண் கொண்டுவந்து, பலகை தட்டி, உடைமரக் குச்சியை ஆப்புப்போலச் சீவி அதில் குத்திக் குத்தி எழுதிக் காயவைத்தார்கள்; கொஞ்ச நாளில் விடுப்பு விண்ணப்பங்களே மண்ணில் வர ஆரம்பித்தன. தலைமையாசிரியர் எட்வின் சார் ஒன்றரைக் கிலோ எடையுள்ள வயிற்றுவலிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை எந்த ஃபைல்ல கோக்கதும்மா?" என்று கேட்டார். ஹெப்சிபா, "அவங்க அடுக்கித்தான் வச்சிருந்தாங்க சார்" என்றாள்.

இரண்டாம் பருவம் எகிப்து. முகம் பக்கவாட்டில், அதில் கண் மட்டும் நேராக, தோள் இரண்டும் நேராக, கால் மறுபடி பக்கவாட்டில் என்று கரும்பலகையில் ஓர் ஆளைப் போட்டுக் காட்டிவிட்டு, அந்த ஆளின் முழங்கால் உயரத்துக்கு இன்னோர் ஆளைப் போட்டாள். பிள்ளைகள் அது குழந்தையா என்று கேட்டார்கள்.

"இல்லை, வேலைக்காரன். அந்த ஊர்ல யாரு பெரியவங்களோ அவங்களைப் பெருசா வரைவாங்க. ராஜா பனை உயரம், வேலை செய்யுறவங்க முழங்கால் உயரம். கண்ணுக்குத் தெரியுற உயரத்தை அவங்க வரையலை. ஆளோட உயரம் என்னவோ அதை வரைஞ்சாங்க. நாம நம்ம ஊரை அந்த முறையில வெளிச்சுவர் முழுக்க வரையப்போறோம். யாரு எவ்வளவு உயரம்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

அவள் நினைத்தது ஒரு வாரச் சண்டை, நான்கு வாரச் சித்திரம். சண்டை முதல் மணியிலேயே உச்சத்துக்குப் போய்விட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் அம்மைதான் பனை உயரம். "எங்க அம்மை ரெண்டு பெட்டி சுமப்பா." "எங்க அம்மை மட்டும் சும்மா கைய வீசிட்டா போறா?" "எட்மாஸ்டர் சாரைச் சின்னதாப் போட்டா மார்க் போடமாட்டாரு." ஏழாம் வகுப்பில் வடிவு என்று ஒரு பெண்; பூங்கனி என்ற உப்பளத்துத் தொழிலாளியின் மகள்; அதிகம் பேசாதவள். அவள்தான் எழுந்து சொன்னாள்.

"யாரு வராட்டி எது நிக்கும்னு கேப்போம். நிறைய நின்னா பெரிய ஆளு. ஒண்ணும் நிக்கலைன்னா சின்ன ஆளு."

அப்படியே கேட்டார்கள். சத்துணவு சமைக்கிற அக்கா வராவிட்டால் எழுபது பேர் பட்டினி. மோட்டார் போடுகிறவர் வராவிட்டால் பாத்திக்கு நீர் ஏறாது. அம்மைமார் வராவிட்டால் உப்பு உப்பாக அப்படியே கிடக்கும், ஊரே நிற்கும். மிக்கேல் அண்ணாச்சி வராவிட்டால் பழைய சீருடையே போட்டுக்கொள்ளலாம், ஆனால் பட்டன் அறுந்தால் கஷ்டம். அவருக்கு நடுத்தர உயரம்.

"முதலாளி வராட்டி?"

"மாசத்துல ஒரு நாள்தான் வாராரு. மத்த நாளு என்ன நிக்கி?"

"எட்மாஸ்டர் சார்?"

பிள்ளைகள் யோசித்தார்கள். "போன வாரம் மூணு நாள் மீட்டிங்குக்குப் போனாருல்ல. பெல்லு நின்னுச்சா?"

"எங்க நின்னுச்சு? நாந்தான அடிச்சேன்."

"அப்பம் சின்ன ஆளு."

டீச்சரை எவ்வளவு உயரம் போட என்று கேட்டதற்கு ஹெப்சிபா சிரித்து, படம் போடுகிறவர்கள் படத்தில் வருவதில்லை, அந்த ஊரிலும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டாள்.

செம்மண் தோய்த்த நூலை இழுத்து அடித்துச் சுவரில் கட்டம் போட்டு, செங்கல் பொடியும் அடுப்புக்கரியும் மஞ்சளும் துணிக்குப் போடும் நீலமும் வேப்பம்பிசினில் குழைத்து, நான்கு வாரத்தில் சுவர் முழுவதும் ஊர் நின்றது: சுவரின் உயரத்துக்குப் பதினொரு பெண்கள் தலையில் பெட்டியோடு வரிசையாக நடக்க, அவர்களுடைய கணுக்காலைத் தாண்டிக் கொஞ்சம் மேலே முதலாளி ஒரு காலை முன்னால் வைத்து நிற்க, அவருக்குப் பக்கத்தில் எட்வின் சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாருக்கும் கண் மட்டும் இல்லை. கண்ணைக் கடைசியில் வைக்கவேண்டும் என்று ஹெப்சிபா சொல்லவில்லை; அது பிள்ளைகளுக்கே தெரிந்தது. ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குச் செய்கிற மண் உருவங்களுக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் கண் வைப்பார்கள். அதுவரை அது வெறும் மண், கோழி ஏறி உட்கார்ந்தாலும் யாரும் விரட்டமாட்டார்கள். இங்கேயும் நான்கு வாரம் பதினொரு பெண்களும் முதலாளியும் கண்ணில்லாமல் சுவரில் நின்றார்கள், ஊரில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வடிவு ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி, ஒவ்வொரு முகத்துக்கும் ஒற்றைக் கண் வைத்து இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை விடியலில் பூங்கனி வேலைக்குக் கிளம்பி வெளியே வரும்போது நெற்றி வாசல் நிலையில் இடித்தது. குனிந்து வந்தாள், தோள் இடித்தது. தவழ்ந்து வெளியே வந்து நிமிர்ந்து, கூரைக்கு மேலாகக் கணவனைப் பார்த்து, "வாசல் பத்தாது, இதை எடுத்துக் கட்டணும்" என்றாள். அவர் அவளைக் கீழிருந்து மேல்வரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கடப்பாரை இரவல் கேட்கப் போனார்.

மிக்கேல் அண்ணாச்சி அன்று காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஊரை அளந்தார். ஏணி போட்டுப் பூங்கனியை அளந்து ஒன்பதடி நான்கு அங்குலம் என்று எழுதினார். மற்ற பத்துப் பெண்களும் அதற்கு ஓர் அங்குலம் முன்னே பின்னே இருந்தார்கள். சேலை முழங்காலுக்கு மேல் நின்றதால் இரண்டு சேலையை ஒன்றாக மூட்டித் தரவேண்டியிருந்தது. எந்த நிறத்தோடு எந்த நிறம் என்பதில்தான் ஊரில் முதல் தகராறு வந்தது. ரேஷன் கடைக் கருவி அவர்களுடைய கட்டைவிரலை ஏற்கவில்லை, விற்பனையாளர் விரலைப் பார்த்துவிட்டு, "சுண்டுவிரலை வைங்க" என்றார், ஏற்றுக்கொண்டது. டவுன் பஸ்ஸில் நுழைய முடியாமல் உப்பு லாரியின் பின்னால் ஏறிப் போனார்கள், கண்டக்டர் அதற்காக வருத்தப்பட்டார். பாத்தியில் நின்றபடி உடைமரங்களுக்கு மேலாகப் பார்த்து, "இவ்வளவு பக்கத்துலயா கெடந்துச்சு" என்று பூங்கனி கடலைப் பற்றிச் சொன்னாள். பெண்கள் எல்லாரும் பலகையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார்கள். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதென்றால் அவர் கத்த வேண்டியிருக்கும்.

பத்து மணிக்கு முதலாளி வீட்டிலிருந்து கார் வந்தது. பின் இருக்கையின்மேல் திரவியம் முதலாளி நின்றுகொண்டிருந்தார். ஒன்றே முக்கால் அடி. அவர் மனைவி அண்ணாச்சியிடம், யாராவது கேட்டால் பேரனுக்குத் தைப்பதாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். மீதி இருந்த சீருடைத் துணியில் அண்ணாச்சி அளவெடுத்தார்.

"பாக்கெட் வைக்கட்டா முதலாளி?"

"வையும்."

குரல் மட்டும் குறையவில்லை. அந்த ஆறடிக் குரல் அப்படியே இருந்ததால், முதல் சில நாள் அவர் பேசும்போது ஆட்கள் காருக்குப் பின்னால் போய் ஆளைத் தேடினார்கள். கோயிலில் முதல் மரியாதை மாலை அவர் கழுத்திலிருந்து தரையில் புரண்டு அவரே அதை மிதித்து விழுந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் பூக்காரர் கைக்குக் கட்டுகிற அளவில் ஒரு மாலை கட்டிவந்தார், முதல் மரியாதை முறைப்படி நடந்தது. எட்வின் சாருக்கு இரண்டடி. வாசல் கதவின் கொண்டி எட்டாததால் பிள்ளைகள் திறந்துவிட்டால்தான் உள்ளே வரலாம், பிள்ளைகள் திறந்துவிட்டால்தான் வீட்டுக்குப் போகலாம். முதல் வகுப்புப் பிள்ளைகளின் முகம் தன் முகத்துக்கு நேராக இருந்ததால் அந்த மாதத்தில் அவர்களுடைய பெயர்கள் எல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டன. திரும்ப வளர்வதைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை.

இது எப்படி நடந்தது என்று ஊரில் யாரும் ரொம்ப நேரம் பேசவில்லை. கண் வைத்ததால் என்று பலர் சொன்னார்கள். பூங்கனி மட்டும் வேறு மாதிரி சொன்னாள். "சுவரு என்னத்தைச் செஞ்சுது? நாங்க இந்த உசரந்தான் இருந்தோம். இத்தனை நாளும் குனிஞ்சே நின்னதுல யாருக்கும் தெரியலை."

பதினொரு பெண்களும் அந்த வாரமே கொட்டகை கேட்டுப் போனார்கள். முதலாளி காரிலிருந்து இறங்கி வெளியே வந்தார். அவர்களுடைய முகத்தைப் பார்க்க அண்ணாந்தார். அண்ணாந்தால் முகத்துக்குப் பின்னால் சூரியன். கண் கூசித் தண்ணீர் கொட்டியது, துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார், மறுபடி கொட்டியது. "பார்ப்போம்" என்று சொல்வதற்கு முன்னால் பூங்கனி குனிந்து, "நல்லாப் பாருங்க முதலாளி. பாக்க முடியுதா?" என்று கேட்டாள். பதின்மூன்றடி உயரத்தில் கொட்டகை எழுந்தது.

அதன் பிறகுதான் அவர் சுவரைப் பற்றிக் கேள்விப்பட்டார். அவருடைய டிரைவர் ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய் நாரும் கொண்டுவந்து, சித்திரத்தில் முதலில் கைக்கு எட்டிய பூங்கனியின் இடது பாதத்தைத் தேய்த்தார். பாத்தியில் பூங்கனி இடது கால் கட்டையாகி வரப்பில் சாய்ந்து விழுந்தாள். பிள்ளைகள் இடைவேளையில் ஓடிவந்து பாதத்தை வரைந்தார்கள், எழுந்து நின்றாள். டிரைவர் அதோடு விடாமல் ஒரு கரியை எடுத்து, முதலாளியைச் சுவர் உயரத்துக்கு வரைந்து, கண்ணும் வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. "கேள்வி கேக்காம வரைஞ்சா எப்படி மாமா வரும்?" என்று வடிவு அவருக்கு எடுத்துச் சொன்னாள். ஆனால் அந்த ஒரு பாதத்தைப் பார்த்த பிறகு ஊருக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்துவிட்டது: சுவர் அழிந்தால் பெண்கள் பழையபடி குனிவார்கள், முதலாளி பழையபடி நிமிர்வார், கொட்டகையைப் பிரிக்க ஒரு நாள் போதும். பெண்கள் தினமும் ஒருவராகச் சுவரோரம் காவல் இருந்தார்கள். ஹெப்சிபா அவர்களுடைய நிழலில் பாடம் நடத்தினாள்.

முதலாளி எங்கள் அலுவலகத்துக்கு மனுக் கொடுத்தார். தான் கட்டிக் கொடுத்த சுவரில் தன் உருவம் தகாத அளவில் வரையப்பட்டிருப்பதாக அதில் இருந்தது. எந்த அளவு என்று இல்லை. நான் அப்போது கல்வி அலுவலகத்தில் உதவியாளன். மேலதிகாரி கேட்டபடி இரண்டு காகிதங்களை நானே தட்டச்சு செய்தேன். பிள்ளைகள் என் அனுமதியின்றி வரைந்தார்கள், சுவருக்கு வெள்ளையடிக்கச் சம்மதிக்கிறேன் என்று ஆசிரியை கையெழுத்துப் போடவேண்டிய கடிதம் ஒன்று. போட மறுத்தால் கொடுக்கவேண்டிய பணிநீக்க உத்தரவு இன்னொன்று. பகுதிநேர ஆசிரியைக்கு நான்கு வரி போதும்.

ஒரு புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குப் போய் இறங்கினேன். வாசலில் பூவரச மரத்தடியில் மிக்கேல் அண்ணாச்சி தையல் இயந்திரத்தைப் போட்டுச் சேலை மூட்டிக்கொண்டிருந்தார். கரைத்த சுண்ணாம்பு ஒரு பீப்பாயில் தயாராக இருந்தது. பக்கத்து ஊரிலிருந்து வரவழைத்த வெள்ளையடிப்பவர் நார் மட்டையைப் பீப்பாயின் மேல் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். சுவரைப் பார்க்க முடியவில்லை. பதினொரு பெண்களும் அதில் முதுகு சாய்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எழுந்து நான் பார்க்கவில்லை, அதனால் ஒன்பதடி என்பதற்கு நான் சாட்சி இல்லை. ஆனால் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்க்கத் தலையை நிமிர்த்தவில்லை என்பது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உப்பின் வெளிச்சத்தில் எல்லாம் நீண்டுதான் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"எழுந்திருங்கம்மா, வேலை நடக்கணும்."

"நிழலுக்கு இருக்கோம் சார். வெள்ளையடிக்கணும்னா எங்க மேல சேத்தே அடிக்கச் சொல்லுங்க, வெயிலுக்குக் குளிர்ச்சி" என்றாள் பூங்கனி. வெள்ளையடிப்பவர் மட்டையைத் தொடவில்லை. "என் மட்டை இவ்வளவு பேருக்குக் காணாது சார்" என்றார்.

நான் ஹெப்சிபாவிடம் முதல் காகிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"போட மாட்டேன் சார்."

"ஒரு கையெழுத்துதான் டீச்சர். வேலை இருக்கும்."

"வேலை இருக்கும். பிள்ளைங்க திருட்டுத்தனமா வரைஞ்சதா ஆகும். நான் சொல்லித்தான் வரைஞ்சாங்க." தோள்பையிலிருந்து பாடக்குறிப்பு நோட்டை எடுத்து விரித்தாள். "இரண்டாம் பருவம், எகிப்து, சுவர்ச் சித்திரம். தேதி போட்டிருக்கேன். கீழே பாத்துட்டுச் சரின்னு போட்டிருக்கிறது யாருன்னு பாருங்க."

அந்தக் கையெழுத்து என்னுடையது. ஆகஸ்டு மாதம் அறுபது நோட்டுகளில் நான் போட்ட கையெழுத்துகளில் ஒன்று. எகிப்து என்ற வார்த்தையை நான் படித்ததாகக்கூட நினைவில்லை.

"இன்னொரு காகிதம் வச்சிருப்பீங்களே, அதையும் கொடுங்க" என்றாள். கொடுத்தேன். நான்கு வரியையும் படித்தாள். நான் அழுவாளோ என்று பார்த்தேன். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். "நல்ல கெட்டிப் பேப்பர்" என்று சொல்லி அதை வடிவிடம் நீட்டினாள். "கிழிச்சு ஊறப்போடு. அடுத்த பருவம் மெக்ஸிகோ. முகமூடிக்குக் கூழ் வேணும்."

வடிவு அதைக் கிழித்து வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"சார், நீங்க இங்க கொஞ்சம் பக்கவாட்டா நில்லுங்க. ஊருக்குள்ள வந்தவங்க எல்லாரையும் வரையணும்."

பெண்களில் இரண்டு பேர் நகர்ந்து சுவரில் ஒரு சாண் அகல இடம் விட்டார்கள். நான் ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. நின்றேன். அவள் கரியை எடுத்துக்கொண்டு, எல்லாரிடமும் கேட்பதைப்போலச் சாதாரணமாகக் கேட்டாள்.

"சார், நீங்க வராட்டி எது நிக்கும்?"

பூவரச மரத்தடியில் தையல் இயந்திரம் நின்றது. நான் யோசித்தேன். இருபது வருட வேலையை அந்த வெயிலில் நின்று யோசித்தேன். நான் வராவிட்டாலும் இந்தக் காகிதங்கள் நின்றிருக்காது, வேறொருவர் கொண்டுவந்திருப்பார். அவள் கொஞ்சம் காத்திருந்துவிட்டுத் திரும்பி வரையத் தொடங்கினாள். பக்கவாட்டில் நின்றதால் எனக்குச் சுவர் தெரியவில்லை. கரி உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது, மிகவும் கீழேயிருந்து கேட்டது. இடையில் எப்போதோ ஓர் அளவு நாடாவின் தகர நுனி என் தோளில் குளிர்ச்சியாகப் பட்டது. அது வாசலில் நுழைந்தபோதா, சுவரோரம் நின்றபோதா, அதற்குப் பிறகா என்று இன்றுவரை எனக்கு உறுதியில்லை.

சத்தம் நின்றதும் நான் திரும்பிப் பார்க்காமல் பீப்பாயிடம் போனேன். மட்டையை எடுத்துச் சுண்ணாம்பில் முக்கி, கண்ணை மூடிக்கொண்டு, அந்த ஒரு சாண் இடத்தில் மட்டும் மேலும் கீழுமாக நான்கு முறை அடித்தேன். யாரும் தடுக்கவில்லை. வடிவு, "ஐயோ சார்" என்று மெதுவாகச் சொன்னாள், அவ்வளவுதான். அலுவலகத்துக்குத் திரும்பி அறிக்கையில் ஒரே வரி எழுதினேன்: மேற்படி சுவருக்கு என் முன்னிலையில் வெள்ளையடிக்கப்பட்டது. முதலாளி மறுபடி மனுக் கொடுத்தபோது அந்த வரியைக் காட்டிக் கோப்பை மூடினார்கள், யாரும் போய்ப் பார்க்கவில்லை. அந்த வரியால்தான் சுவர் தப்பியது என்று மிக்கேல் அண்ணாச்சி ஒவ்வொரு வருடமும் எனக்கு நன்றி சொல்கிறார். நான் துணிச்சலால் செய்ததாக அவர் நினைக்கிறார். என் உருவத்தைப் பார்க்கப் பயந்து செய்தேன் என்று நான் அவரிடம் சொன்னதில்லை.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் பார்த்தேன், என் சட்டைக் கைகள் இரண்டும் பல மடிப்பாக மடிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு தையல் ஊசி குத்தப்பட்டிருந்தது. கால் தரையில் படவில்லை. அந்தப் பஸ்ஸில் இருக்கை உயரம் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டு வாசலில் நுழையும்போது மடிப்பு இறுக்க ஆரம்பித்தது, ஊசி குத்தியது, கழற்றிவிட்டேன். இரண்டு ஊசிகளும் இப்போதும் என்னிடம் இருக்கின்றன.

ஹெப்சிபாவின் பெயர் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அவள் வழக்கம்போலப் பஸ்ஸில் வந்து இறங்கினாள். உள்ளே விடக்கூடாது என்று எட்வின் சாருக்கு உத்தரவு போயிருந்தது, ஆனால் அவருக்குக் கொண்டி எட்டாது, எட்டுகிற பிள்ளைகள் திறந்துவிட்டார்கள். சம்பளம் இல்லாமலும் வந்தாள். முள்ளிக்கரைப் பெண்கள் அவளுக்குச் சோறு கொண்டுவந்தார்கள், பஸ்ஸில் கண்டக்டர் அவள் பக்கம் வருவதை மறந்தார். மெக்ஸிகோ முடிந்தது, கிரேக்கம் முடிந்தது, மறுபடி சுமேரியா வந்தது. ஒவ்வொரு வருடமும் ஏழாம் வகுப்பு அந்தக் கேள்வியை ஊர் முழுக்க மறுபடி கேட்டு, மழையில் மங்கிய உருவங்களை மறுபடி வரைந்து, கடைசியில் கண் வைக்கிறது. இப்போது முள்ளிக்கரையில் வீடு கட்டினால் நிலை பத்தடிக்குக் குறையாது. திரவியம் முதலாளி ஒரு பருவம் முழுக்கத் தினமும் பாத்திக்கு வந்து நின்று பார்த்தார். பிறகு வராமல் இருந்தும் பார்த்தார். வந்தபோது ஒன்றும் கூடவில்லை, வராதபோது ஒன்றும் நிற்கவில்லை. அந்த ஒரு சாண் வெள்ளையை மட்டும் எந்த வகுப்பும் தொடுவதில்லை. வெளியூர்க்காரர்கள் கேட்டால் பிள்ளைகள், "அதுக்குள்ள ஒரு சார் இருக்காரு" என்று சொல்கிறார்கள்.

போன மாதம் போயிருந்தபோதும் அண்ணாச்சி ஓர் அங்குலமும் நழுவாமல் சொல்லி முடித்தார். மூன்று மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து இரண்டு ஊசிகளையும் எடுத்துப் பலகைமேல் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவற்றைப் பார்த்தார், ஆச்சரியப்படவில்லை. பரணிலிருந்து அந்த வருடத்து அளவு நோட்டை இறக்கி, எச்சில் தொட்டுப் பக்கங்களைத் தள்ளி, ஒரு புதன்கிழமையில் விரலை வைத்தார்.

"கேப்பீங்கன்னு பதினாலு வருசமா இருக்கேன். சட்டை நீளம் பதினேழு. கை பத்து. உங்க சாதாரண அளவு எனக்குத் தெரியாது, ஆனா இது ஆறு வயசுப் பையன் அளவு."

"எப்ப அளந்தீங்க?"

"பொறவு. மட்டையைக் கீழ போட்டுட்டு நின்னீங்கல்லா, அப்பம். கை தொங்கிட்டு இருந்துச்சு, நீங்க கவனிக்கலை. பாவமா இருந்துச்சு, மடிச்சுக் குத்திவிட்டேன்."

வெளியே பள்ளிக்கூடத்து மணி அடித்தது. சுவரோரம் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. அன்று மரத்தடியில் தைப்பதை நிறுத்திவிட்டு வடிவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர் இவர் ஒருவர்தான். கண் வைக்கிறவரை அது வெறும் கரி, யாரையும் ஒன்றும் செய்யாது; கண் வைக்கவில்லை என்றால் அந்த ஆறு வயது அளவு என் சொந்த அளவு. எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். நான் கேட்டேன்.

"அண்ணாச்சி, நான் சுண்ணாம்பை அடிச்சபோது, வடிவு என் படத்துக்குக் கண் வச்சிருந்தாளா?"